வெள்ளகவி: வழியில் இருந்த ஊர்

விவேக் நகரில் என்னுடன் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர், வாரயிறுதி மலையேற்றக் குழுவொன்றின் அறிவிப்பை எனக்கு அனுப்பியிருந்தார். அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன: வெளியுலகம் தீண்டாத ஊர். அங்கே யாரும் செருப்பு அணிவதில்லை. நானூறு ஆண்டுகளாக மாறாத வாழ்க்கை. இவற்றுள் நடுவில் உள்ளது மட்டுமே சரி. மற்ற இரண்டும் ஏன் பிழை என்பதைச் சொல்லவே இப்பதிவு.

ஊரின் பெயர் வெள்ளகவி. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து இறங்கினால் இவ்வூரை அடையலாம். மேலும் இறங்கினால் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கும்பக்கரை அருவி வரும். பலரும் மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். இறக்கம் எளிது என்று எண்ணுவோருக்கு முழங்கால்கள் விரைவில் உண்மையை உணர்த்திவிடும். சோலைக்காட்டின் ஈரமும் அட்டையும் பின்தங்க, காப்பித் தோட்டங்களும் பட்டர்புரூட் மரங்களும் தொடங்கும் இடத்தில் ஊர் இருப்பது தெரிகிறது. நுழைவாயிலில் ஒரு மரம், ஒரு சிறு கோயில்.

"கால்ல போட்டத அங்கயே கழட்டிருங்க தம்பி. இது பூரா சாமி எடம்" என்றார் விறகுச் சுமையோடு எதிரே வந்த பாட்டி ஒருவர். அவர் மிகைப்படுத்தவில்லை. வீடுகளுக்கு இடையில், திருப்பங்களில், திண்ணைகளை ஒட்டிக் கோயில்கள். எது வீட்டு வாசல், எது சன்னிதி என்று வெளியாளால் பிரித்தறிய இயலாது. பிரித்தறிய இயலாத இடத்தில் முழு ஊரையும் சன்னிதியாகக் கொள்வதே ஒழுங்கு.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். பழனிமலையை முதன்முதலில் முறையாக நில அளவை செய்தவர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு. திருவிதாங்கூர், கொச்சி நிலங்களைக் கானருடன் சேர்ந்து அளந்த அதே வார்டுதான். 1821இல் அவர் தமது தளமாகக் கொண்டது வெள்ளகவியை. அங்கிருந்தே மேலேறி, இன்று கொடைக்கானல் இருக்கும் மேட்டுநிலத்தை அளந்தார். அப்போது கொடைக்கானல் நகரம் என்ற ஒன்று இல்லை. அங்கே முதல் இரு வீடுகள் எழுந்தது 1845இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களால். மதுரைச் சமவெளியின் நோய்களுக்குத் தம் குடும்பத்தாரைப் பலிகொடுத்த அவர்கள், முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்து, அது போதாதென்று இன்னும் உயரம் தேடி வந்தவர்கள். ஆக, நகரம் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே அரசின் அளவைச் சங்கிலி வெள்ளகவிக்கு வந்துவிட்டது. வெளியுலகம் தீண்டாத ஊர் என்பதற்கு இதைவிட வலுவான மறுப்புச் சான்று எனக்குத் தேவையில்லை.

பின் ஏன் அவ்வூர் இன்று இவ்வளவு தொலைவாயிற்று? விடை மலையில் இல்லை, பாதைகளில் இருக்கிறது. 1875இல் அம்மையநாயக்கனூர் வரை இரயில் வந்தது. அந்நிலையமே இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டுவண்டியில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்து, குதிரையிலும், கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் வெள்ளையர்கள் செண்பகனூர் வழியாக மேலேறினர். அப்பாதைக்கே கூலி காட் என்று பெயர். பின்னர் மேஜர் லா வகுத்த தடத்தில் அமைந்த மலைச்சாலை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. இவை எவையும் வெள்ளகவியைத் தொடவில்லை. மேலே ஒரு நகரம், கீழே ஒரு நகரம், இரண்டையும் சாலை வேறு பக்கமாக இணைத்துவிட்டது. நேர்வழியில் இருந்த ஊர் வழியற்ற ஊராயிற்று. தொலைவை மைல்களில் அளக்கிறோம். ஆனால் வெள்ளகவியின் தொலைவு ஒரு பொதுப்பணி முடிவின் விளைவு.

மாறாத வாழ்க்கை என்பதற்கு வருவோம். வார்டு தங்கியது குன்னுவர் ஊரில். பழனிமலையின் முதன்மை உழுகுடியினர் அவர்கள். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியர் அவர்களைப் பற்றி ஒரு நீண்ட பத்தி தருகிறது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தமது குலங்களும் பழங்குடிகளும் தொகுதியில் அதை அப்படியே எடுத்தாள்கிறார். அதன்படி, தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து போருக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சி நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறிய வேளாளர் தாங்கள் என்பது குன்னுவரின் மரபுரை. பெயரும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குன்னூர் என்னும் ஊரிலிருந்து வந்ததாம்.

மொழியியல் படித்தவனுக்கு இங்கே கை குறுகுறுக்கும். ஒன்று ஒன்னு ஆவதும் கன்று கன்னு ஆவதும் போலக் குன்று குன்னு ஆகும். குன்றில் வாழ்வோர் குன்னுவர். இதற்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் எளிய விளக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, ஒரு குடி ஏன் சமவெளி ஊரொன்றைத் தன் பெயருக்கு மூலமாகக் காட்டுகிறது? அதே பத்தி விடையையும் வைத்திருக்கிறது. குன்னுவர் வருமுன் அந்நிலத்தைப் பயிரிட்டவர்கள் புலையர். வந்தவர்கள் அவர்களை அகற்றிப் பண்ணையாட்களாக்கினர். 1906 வரையிலும் அந்நிலையிலிருந்து அவர்கள் முழுமையாக மீளவில்லை என்று கெசட்டியரே ஒப்புக்கொள்கிறது. புலையரைச் சோம்பேறிகள் என்று ஓர் அடைமொழியால் தள்ளிவிடவும் செய்கிறது. சமவெளி வேளாளர் என்னும் வேர்ச்சொல் விளக்கத்தை நான் நிலவுரிமை வாதமாகவே படிக்கிறேன்.

ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் எழுதிய ஆளப்படாமலிருக்கும் கலை பற்றிய நூல், தென்கிழக்காசிய மலைமக்களை அரசிடமிருந்து தப்பியோடியவர்களாகக் காட்டியது. குன்னுவர் கதையின் முதற்பாதி அதற்குப் பொருந்தும். பிற்பாதி பொருந்தாது. தப்பியோடியவர்கள் தாங்கள் தப்பிவந்த படிநிலையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறார்கள்.

வழக்கங்களும் மாறியே வந்துள்ளன. குன்னுவப் பெண்களுக்கு வெள்ளைத் துணி முன்பு விலக்கு. 1906க்குள் அது பரவலாகிவிட்டது. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகளை மாமன் மகன் உரிமை கேட்க முடியாது. அவளுக்கு வீட்டின் நிலைக்கால் ஒன்றோடு திருமணம் செய்து, தாலிக்கு மாற்றாக வலக்கையில் வெள்ளிக் காப்பு இடுவர். அவளே பெற்றோரின் வாரிசு. அவளுக்கு மகன் பிறந்தால் சொத்து அவள் வழியே அவனுக்குச் சேரும். இதைப் படிப்போர் பலரும் வியப்போடும் நமட்டுச் சிரிப்போடும் நிறுத்திக்கொள்கிறார்கள். நிலம் வீட்டைவிட்டு வெளியேறாமல் காக்க ஒரு பெண்ணின் உடலைப் பிணையாக்கிய சட்ட ஏற்பாடு இது. ஆயினும் சொத்தைப் பெண்வழியே கடத்த அந்த மலை ஒரு வழி கண்டது. இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். வீட்டை நிலைநிறுத்துதல் என்ற பொருளில் இவ்வழக்கத்துக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே நம் கையில் இருக்கிறது. மக்கள் வழங்கிய தமிழ்ச்சொல் அச்சேறாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஊர்ப்பெயருக்கும் ஒரு குறிப்பு. உள்ளூர் வாயில் அது வெள்ளகெவி. கெவி, கெபி என்பவை தமிழில் குகையையும் மலைப்பிளவையும் குறிப்பன. கன்னடத்தில் கவி என்றால் குகை. பெங்களூருவின் கவிபுரத்துக் குடைவரைக் கோயில் கவி கங்காதரேசுவரர் என்று அழைக்கப்படுவதும் அதனால்தான். கவிதைக்கும் இவ்வூருக்கும் தொடர்பு தேடும் பதிவுகளை இனியேனும் பகிராதிருப்போம்.

செருப்புக்குத் திரும்புகிறேன். சமவெளி ஊர்கள் பலவற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்குமாறு தலித்துகள் கட்டாயப்படுத்தப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். இங்கே விதி எல்லோர்க்கும் பொது. அதனால் மலையேறிகள் இதைச் சமத்துவம் என்று கொண்டாடுகிறார்கள். நானும் கழற்றினேன், மகிழ்ச்சியோடுதான். ஆனால் எனக்கு அது இரண்டு மணிநேர வெறுங்கால். ஊராருக்கு உடல்நலம் குன்றினால் அதே பாதையில் டோலி கட்டித் தோளில் தூக்கிச் செல்ல வேண்டும். அரிசியும் சிமெண்டும் குதிரைமேல் வரும். 2025இல் கெவி என்ற பெயரிலேயே வந்த தமிழ்த் திரைப்படம், சாலையும் மருத்துவமும் எட்டாத இம்மலையின் துயரைப் பேசியது.

புறப்படும்போது அப்பாட்டியிடம், சாலை வந்தால் வண்டியில் வருபவர்கள் செருப்பைக் கழற்றுவார்களா என்று கேட்டேன். "ரோடு மொத வரட்டும். செருப்ப எங்க கழட்டணும்னு நாங்க சொல்லிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு விறகைத் தலைமேல் சரிசெய்துகொண்டு நடந்தார்.