முழங்கால் ஆழத் தண்ணியில ஒரு படகு

போன எபிசோடுக்கு அப்புறம் நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "என்கிட்ட 12 அடி அலுமினியப் படகு ஒண்ணு இருக்கு. பின்னாடி அவுட்போர்டு மோட்டார். எங்க ஆத்துல முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. புரொப்பல்லர் கல்லுல இடிச்சுக்கிட்டே இருக்கு. படகை எப்படி மாத்தலாம்?"

இது மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய கேள்வியாச்சே, வரலாறு பேசுற என்கிட்ட எதுக்குன்னுதான் முதல்ல நினைச்சேன். தேடிப் படிச்சப்போ புரிஞ்சது, இதே கேள்விக்குப் பின்னாடி அலைஞ்ச ஒரு மனுஷனோட கதை இருக்கு.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். இந்த மாதிரி சின்னப் படகு சில அங்குலத் தண்ணீரிலேயே மிதந்துவிடும். ஆழம் கேட்பது படகு இல்லை, புரொப்பல்லர். அது படகின் அடிமட்டத்துக்கும் கீழே தொங்குகிறது. அப்படியென்றால், கீழே எதுவும் தொங்காமல் படகைத் தள்ள முடியுமா?

முடியும்னு ரொம்ப காலம் முன்னாடியே காட்டிட்டாங்க. 1787-ல் அமெரிக்காவின் பொட்டாமக் ஆற்றில் ஜேம்ஸ் ரம்சி என்பவர், நீராவியால் இயங்கும் பம்பு வைத்துத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கமாகப் பீய்ச்சி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். ஆனால் அந்தக் காலத்துப் பம்புகளில் விரயம் அதிகம். பிறகு வந்த புரொப்பல்லர் ஜெயித்துவிட்டது. ஆழமான தண்ணீரில் அதுதானே லாபம்!

இப்போ நியூசிலாந்துக்கு வாங்க. தென் தீவில், மெக்கென்சி சமவெளியில், ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணை. உரிமையாளர் பில் ஹாமில்டன். பண்ணையிலேயே பட்டறை வைத்து இயந்திரங்கள் செய்தவர். அந்தப் பக்கத்து ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். வேகம் அதிகம், ஆழம் கம்மி. அதில் எதிர்நீச்சல் போட்டு மேலே போகணும் என்பது அவர் ஆசை.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹான்லி ஹைட்ரோஜெட் என்ற அமைப்பை எடுத்துச் சோதித்தார். அது தண்ணீரை உறிஞ்சி, படகுக்கு அடியில் இருந்த திருப்பக்கூடிய குழல் வழியாகப் பீய்ச்சும். மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாக வரவில்லை. குழல் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும், கல்லிலும் இடிக்கும்.

அப்போ அவருகிட்ட வேலை பார்த்த ஒருத்தர் சொன்னாராம்: அந்தக் குழலைத் தண்ணிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஏத்தி வெச்சா என்ன? அவ்வளவுதான். படகின் அடியில் உறிஞ்சும் வாயும் அதை மூடிய கம்பிச் சட்டமும் மட்டும், அடித்தகட்டோடு சமமாக. கீழே தொங்க ஒன்றுமில்லை. படகு ஓடியது.

கவனிங்க, ஹாமில்டன் இதைத் தன் கண்டுபிடிப்புன்னு சொல்லிக்கலை. பெருமை ஆர்க்கிமிடீஸுக்குத்தான் போகணும்னு வேடிக்கையாச் சொல்வார். 1960-ல் அவர் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீரோட்டத்தில் மேலேறின. அதற்கு முன் யாரும் அப்படி ஏறியதில்லை. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி கங்காசாகரிலிருந்து கங்கையில் மேலேறியதும் ஜெட் படகுகளில்தான். நந்தபிரயாக் பக்கத்தில் அருவி வந்து தடுத்தது. ஹாமில்டனுக்கு 1974-ல் சர் பட்டம் கிடைத்தது. குழலை மேலே ஏற்றச் சொன்னவர் பெயரோ இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் வருவதில்லை. "வேலையாள் ஒருவர்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துறது அதுதான்.

சரி, நேயரோட படகு? அவுட்போர்டின் கீழ்ப்பாகத்தைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லருக்குப் பதிலாகப் பம்பு பொருத்தலாம். ஆனால் விலை உண்டு: 115 குதிரைத்திறன் மோட்டாரை ஜெட்டாக விற்கும்போது 80 என்றுதான் குறிக்கிறார்கள். கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடுகிறது. இன்னொரு வழி, படகின் அடியில் பின்பக்கம் சுரங்கம் போலக் குழிவு அமைத்து, மோட்டாரை உயர்த்தி மாட்டுவது. ஓடும்போது தண்ணீர் அந்தக் குழிவில் மேலேறிப் புரொப்பல்லருக்கு வந்து சேரும். யோசிச்சுப் பாருங்க, இரண்டும் ஒரே புத்திதான்: தண்ணியைத் தேடிக் கீழே போகாம, தண்ணியை மேலே வரவழைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஒருமுறை நண்பரின் ஜெட் பொருத்திய அலுமினியப் படகில் போனேன். கல் தெரிந்ததும் பயந்துபோய் அவர் வேகத்தைக் குறைத்தார். படகு சட்டென்று தாழ்ந்து, கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டது. வேகத்தில் இந்தப் படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும்; வேகம் குறைந்தால் உள்ளே இறங்கும். பம்பு கல்லையும் உறிஞ்சிக்கொண்டது. இறங்கி, முழங்கால் தண்ணியில ரெண்டு பேரும் தள்ளினோம். அடியில் ஒரு நெளிவு. அலுமினியம் என்பதால் விரிசல் இல்லை, நெளிவோடு போச்சு.

அதனால என் பதில் இதுதான். எதை வாங்கிப் பொருத்தினாலும், முதல்ல உங்க மெக்கானிக்கோட ஒரு நாள் ஆத்துக்குப் போங்க. அவர் ஏதாவது சொன்னா காது கொடுத்துக் கேளுங்க. சரியா வந்தா, அவர் பேரையும் சேர்த்து எனக்கு எழுதுங்க.