எட்டுப் பெண்கள், ஒரு பிணம், ஒரு சட்டப் புத்தகம்

2002-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரான்ஸில் ஒரு படம் வெளியானது. பெயர் 'உய் ஃபாம்', தமிழில் 'எட்டுப் பெண்கள்'. பிரெஞ்சில் எட்டுக்கு 'உய்த்' என்றுதான் சொல்வோம். ஆனால் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அந்தக் கடைசி 'த்' காணாமல் போய்விடும். இதைச் சரியாகச் சொல்ல வைப்பதற்காக எங்கள் ஆசிரியர் எத்தனையோ முறை மேசையைத் தட்டியிருக்கிறார். படத்தை இயக்கியவர் பிரான்சுவா ஓசோன். அப்போது அவருக்கு 34 வயது.

கதை நடப்பது 1950-களில், கிறிஸ்துமஸ் சமயத்தில். ஊரை விட்டுத் தள்ளி ஒரு பெரிய மாளிகை, சுற்றிலும் பனி. வீட்டுத் தலைவர் மர்செல் ஓர் ஆலை முதலாளி. காலையில் அவருக்கு உணவுத் தட்டு எடுத்துப் போகும் வேலைக்காரப் பெண் அலறுகிறாள். மர்செல் கட்டிலில் குப்புறக் கிடக்கிறார், முதுகில் கத்தி. தொலைபேசிக் கம்பி அறுபட்டிருக்கிறது. கார் கிளம்பவில்லை. வெளியே போகவும் முடியாது, போலீஸைக் கூப்பிடவும் முடியாது. வீட்டுக்குள் இருப்பவர்கள் எட்டுப் பெண்கள்தான். கொலைகாரி அவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

மனைவி காபி. மூத்த மகள் சுசோன், இளைய மகள் கத்தரீன். காபியின் தாய், அதாவது வீட்டில் எல்லோரும் 'மமி' என்று அழைக்கும் பாட்டி (நம் ஊர் மாமி அல்ல, பிரெஞ்சில் பாட்டியைத்தான் அப்படிச் செல்லமாகக் கூப்பிடுவார்கள்). காபியின் தங்கை ஒகுஸ்தீன், கல்யாணம் ஆகாதவள். மர்செலின் தங்கை பியரெத். சமையற்காரி மதாம் ஷனேல். வேலைக்காரி லுயீஸ். செத்துப்போனவரின் முகத்தைப் படம் முழுக்க நமக்குக் காட்டவே மாட்டார்கள்.

இது முதலில் மேடை நாடகம். ரொபேர் தொமா என்பவர் 1958-இல் எழுதியது. திருத்தி எழுதிய பிறகு 1961-இல் பாரிஸில் நன்றாக ஓடியது. இவருடைய இன்னொரு நாடகம் 1960-இல் அரங்கேறியது. அதில் ஒருவனுடைய மனைவி காணாமல் போகிறாள். 'நான்தான் உன் மனைவி' என்று முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து நிற்கிறாள். இவள் என் மனைவியே இல்லை என்று அவன் கத்துகிறான், யாரும் நம்பவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் உண்மையைக் கக்கிவிடுகிறான். படித்தவுடன் நம் வயதுக்காரர்களுக்கு 1964-இல் வந்த 'புதிய பறவை'யும் அதில் சிவாஜி துடித்த துடிப்பும் நினைவுக்கு வந்திருக்கும். முதுகெலும்பு ஒன்றுதான். அந்த நாடகத்தின் உரிமையை ஹிட்ச்காக் வாங்கி வைத்திருந்தார், ஆனால் படமாக எடுக்கவில்லை. ரொபேர் தொமாவின் கை எப்படிப்பட்டது என்று காட்டத்தான் இதைச் சொன்னேன்.

நாடகத்தில் இல்லாத ஒன்றை ஓசோன் படத்தில் சேர்த்தார். அதுதான் பாட்டு. எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டு. எல்லாம் ஏற்கெனவே பிரான்ஸில் பிரபலமான பழைய பாட்டுகள், எல்லாவற்றையும் நடிகைகளே சொந்தக் குரலில் பாடுகிறார்கள். பிணம் மாடியில் கிடக்க, கீழே கூடத்தில் ஒருத்தி கையை ஆட்டி, இடுப்பை அசைத்து, நம்மைப் பார்த்துப் பாடுவாள். பாடி முடித்ததும் ஒன்றும் நடக்காததுபோல் விசாரணை தொடரும். உடைகள் மிட்டாய்க் கடை நிறத்தில் இருக்கும், வீடோ மேடையில் கட்டிய செட் போலவே தெரியும். வேண்டுமென்றே செய்த மிகை இது. கதையை நிறுத்திவிட்டுப் பாடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை, ஆகையால் நம்மவர்கள் இந்தப் படத்தைச் சிரமமில்லாமல் பார்க்கலாம்.

கதை 1950-களில் நடந்தாலும் பாட்டுகள் அந்தக் காலத்தோடு நிற்கவில்லை. இளைய மகள் பாடுவது ஷீலா 1963-இல் பாடியது. மூத்த மகளுக்கு மரி லஃபோரே 1967-இல் பாடியது. சமையற்காரிக்கு தலிதாவின் பாட்டு, ஒகுஸ்தீனுக்கு 1973-இல் பிரான்சுவாஸ் ஆர்தி பாடியது. நம் ஊரில் சொல்தா வீடுகளில் ரெக்கார்டு பிளேயர் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த சின்ன இசைத்தட்டுகளில் ஷீலாவும் தலிதாவும்தான் இருப்பார்கள். சுருதி எங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, சொற்கள் புரிந்தன.

நடித்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. கத்தரீன் தெனெவ், இசபெல் ஊப்பேர், ஃபன்னி ஆர்தான், எம்மானுவேல் பெயார், இளையவர்களான விர்ஜினி லெதுவாயேன், லுதிவின் சாஞ்யே. சமையற்காரியாக வருபவர் ஃபிர்மின் ரிஷார், குவாதலூப் தீவில் பிறந்தவர். 1854 முதல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் மக்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றி அனுப்பினார்களே, அதே குவாதலூப். பெர்லின் திரைப்பட விழாவில் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வெள்ளிக் கரடி விருது கொடுத்தார்கள். ஒருவரைப் பிரித்து எடுக்க நடுவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

பாட்டியாக நடித்தவர் தனியேல் தாரியு. 1917-இல் பிறந்தவர். முதல் படம் 1931-இல், 14 வயதில். இந்தப் படத்தில் நடித்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். 2017-இல், நூறு வயது நிறைந்த பிறகுதான் காலமானார். 1967-இல் வந்த 'ரோஷ்ஃபோர் பெண்கள்' படத்திலும் இவர்தான் தெனெவுக்கு அம்மா. அந்தப் படத்தின் முக்கிய நடிகர்களில் சொந்தக் குரலில் பாடியவர் இவர் ஒருவர்தான், மற்றவர்களுக்கு வேறு பாடகர்கள் குரல் கொடுத்தார்கள்.

இவ்வளவும் பொழுதுபோக்குச் செய்திகள். இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை பாட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவை பார்க்கும்போது, நாற்பது வருஷம் ஆவணங்களைப் புரட்டிய குமாஸ்தா புத்தி விழித்துக்கொண்டது. இந்த எட்டுப் பேரில் யாருக்குச் சொந்தமாகப் பணம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.

மனைவி காபிக்கு எல்லாம் கணவன் பணம். ஒகுஸ்தீன் அக்காள் வீட்டில் ஒண்டிக் கிடக்கிறாள், அதைத் தினமும் சொல்லிக் காட்டுகிறார்கள். பியரெத் அண்ணனிடம் பணம் கேட்க வருகிறவள். மகள்கள் தகப்பன் கையை எதிர்பார்க்கிறவர்கள். சமையற்காரிக்கும் வேலைக்காரிக்கும் சம்பளம் அவர் கொடுப்பது, அதிலும் வேலைக்காரிக்கு அவரோடு வேறு உறவும் இருக்கிறது. பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் பங்குப் பத்திரங்கள் உண்டு. அவற்றை அவள் ஒளித்து ஒளித்து வைக்கிறாள். நடக்க முடியாதவள்போல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், தேவைப்பட்டால் எழுந்து நடக்கிறாள். நோயாளி என்றால்தானே மருமகன் வீட்டில் இடம் கிடைக்கும்! எட்டுப் பேருக்கும் ஒரே பணப்பை, அந்தப் பணப்பையின் முதுகில்தான் கத்தி.

இது கதாசிரியரின் கற்பனை மட்டும் அல்ல, சட்டமே அப்படித்தான் இருந்தது. நெப்போலியனின் 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவியைக் காக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்கள் யார் என்று சொல்லும் 1124-ஆம் பிரிவில் சிறுவர்களோடு திருமணமான பெண்களையும் சேர்த்திருந்தார்கள். மனைவி வேலை செய்து வாங்கும் கூலியை அவள் விருப்பப்படி செலவழிக்கலாம் என்று வந்ததே 1907-இல்தான். கீழ்ப்படிய வேண்டும் என்ற சொல்லை 1938-இல் எடுத்தார்கள். ஆனாலும் குடும்பத் தலைவன் கணவனே, மனைவி வேலைக்குப் போவதை அவன் தடுக்கலாம். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரலில். கணவன் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உரிமை கிடைத்தது 1965 ஜூலை 13-ஆம் தேதிச் சட்டத்தால். அதாவது, இந்தப் படத்தின் கதை நடந்து பத்து வருஷம் கழித்து.

விவாகரத்து இன்னொரு தனிக்கதை. 1816-இல் அடியோடு ஒழித்துவிட்டார்கள். 1884-இல் திரும்பி வந்தது, ஆனால் இரண்டு பேரில் ஒருவர் மேல் குற்றத்தை நிரூபித்தால்தான் கிடைக்கும். இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1975-இல்தான் திறந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டியின் காட்சியைப் பாருங்கள். பல வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் கணவனுக்குத் தானே விஷம் வைத்ததாக மகள்களிடம் சொல்கிறாள். அவர் கெட்டவர் இல்லையாம், இவளால் அவரை நேசிக்க முடியவில்லையாம். கெட்டவனாக இருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். நல்லவனிடமிருந்து விடுபட அவள் காலத்தில் சட்டத்தில் கதவே இல்லை. தியேட்டரில் அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் முதல் தடவை சிரிப்புத்தான் வந்தது.

நம் புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சொந்த வழக்காற்றை விட்டுக்கொடுத்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்கிறோம். அவர்கள் வீட்டுப் பத்திரங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. பெண் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாலும், பத்திரத்தில் அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான் முதலில் இருக்கும். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒருவரின் பெயர் பிறப்புப் பதிவில் உள்ளதுதான். சரி, எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனால், 'கணவரின் துணையோடும் அனுமதியோடும்' என்று நொத்தேர் எழுதியிருப்பார். வீடு அவளுடையது, சீதனமாக வந்தது. விற்க அவர் கையெழுத்து வேண்டும்.

என் பெரியம்மா ஒருவர் இப்படிப்பட்ட குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். குணத்தில் தங்கம். ஆனாலும் பெரியம்மா வாய் திறந்து பணம் கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் மார்க்கெட் பையை மடித்து அவர் மேசை ஓரத்தில் வைப்பார். அவர் பேப்பர் படித்து முடித்துப் பைக்குள் பணம் போடும்வரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வருஷக் குடித்தனத்தில் எத்தனை மணி நேரம் அந்தத் திண்ணையில் கழிந்திருக்கும்! ஒகுஸ்தீன் அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பைதான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-இல் நாம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். அன்றுவரை இருந்த சட்டங்கள் தொடர்ந்தன. ஆனால் 1965-இல் பாரிஸில் பெண்களுக்குக் கதவு திறந்தபோது அந்தக் காற்று இங்கே வீசவில்லை, நாம் வேறு நாடாகிவிட்டோம். இந்தியக் குடியுரிமை எடுத்த ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டம் பழைய நிலையிலேயே நின்றுபோனது. அங்கே கடிகாரம் ஓடியது, இங்கே அந்த ஒரு கடிகாரம் மட்டும் நின்றுவிட்டது.

கொலை செய்தது யார்? அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதைப் பாடுவது பாட்டி தாரியு. லூயி அரகோன் 1943-இல், ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த நாட்களில் எழுதிய கவிதை அது. மகிழ்ச்சியான காதல் என்று ஒன்று கிடையாது என்பது அதன் பொருள். ஜோர்ஜ் பிரசென்ஸ் 1953-இல் மெட்டமைத்துப் பாடினார். தேசத்தைப் பற்றி வரும் கடைசிக் கண்ணியை அவர் விட்டுவிட்டார். அதே மெட்டில் ஒரு பிரார்த்தனைக் கவிதையையும் பாடி வைத்தார்.

எட்டுப் பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்து ஓய்ந்த பிறகு, அந்த மூதாட்டி நடுங்கும் குரலில் அதைப் பாடுவார். பாட்டு முடிவதற்குள் எட்டுப் பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். படம் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடும். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பேரன் பேத்திகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அவர்கள் கொலைகாரியைத் தேடட்டும். நீங்கள் அந்த வீட்டில் பணம் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.