மூன்று எழுத்தும் ஒரு மலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவனிடம் 'ஏ.டி.எம்.' என்று சொன்னால், அவன் கை சட்டைப்பையிலுள்ள கார்டைத் தொட்டுப் பார்க்குமே தவிர, மடியிலிருக்கும் இரசாயனப் புத்தகத்தை நாடாது. ஆயினும் எத்தனால் 78 பாகையிலும் மெத்தனால் 64.7 பாகையிலும் கொதிக்கும் என்று அப்புத்தகம் கூறுவதெல்லாம், அழுத்தம் ஒரு ஏ.டி.எம். அளவில் இருந்தால்தான் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மெத்தனால் என்ற பெயர் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஏ.டி.எம்.மின் இரண்டு அர்த்தங்களுள் வாயுமண்டலத்தைக் குறிப்பதே மூத்தது. காற்றுக்கும் கனம் உண்டென்பதை 1643ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலின் வேண்டுகோளுக்கிணங்க, அவருடைய மைத்துனர் அக்குழாயைப் பிரான்சு தேசத்து மலையொன்றின் உச்சிக்குச் சுமந்து சென்றபோது, ஏற ஏறப் பாதரசம் இறங்கிற்று. கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் அந்தக் கனமே ஒரு ஏ.டி.எம்.; 1954இல் சர்வதேச அளவை மாநாடு அதை 101325 பாஸ்கல் என்று நிர்ணயம் செய்தது. கல்வராயன் மலையில் 3000 அடி உயரத்துக் குடிசையொன்றில் அது ஏறக்குறைய 0.9 ஆகக் குறைந்துவிடுகிறது. உலை நீர் 97 பாகையிலேயே தளதளவென்று கொதித்துவிடுவதால், கொதிப்பைக் கண்டு ஏமாறாமல், அரிசி வேகும் வரையில் கீழ்நாட்டைவிடச் சற்று அதிக நேரம் விறகு எரிக்க வேண்டியிருக்கிறது.

பணம் தரும் ஏ.டி.எம். பிறந்தது 1967 ஜூன் 27ஆம் தேதி, வட லண்டனின் என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கியின் கிளையில். அதை உருவாக்கிய ஷெப்பர்ட்-பாரன் பிறந்ததோ நம் தேசத்து ஷில்லாங் மலையில். முதல் இயந்திரத்துக்குக் கார்டு கிடையாது. கார்பன்-14 தோய்த்த காகிதச் சீட்டையே அது அடையாளம் கண்டுகொண்டது. வங்கியின் ஏ.டி.எம்.மும் இரசாயனத்தின் கைபிடித்துத்தான் நடை பழகிற்று என்பதில் எனக்கு ஓர் அலாதித் திருப்தி. இந்தியாவில் அது 1987இல் பம்பாயில் தலைகாட்டிற்று.

லண்டனில் பொத்தானை அழுத்திப் பணம் எடுத்த அந்நாளில், கல்வராயன் மலையோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்தது. சாமையும் கடுக்காயும் தேனும் தவிர வேறு செல்வம் அறியாத மலையாளிகள் (கேரளத்தாரல்லர், மலையை ஆளும் நம் தமிழ்க் குடிகள், இந்தச் சொல்லுக்கும் இரட்டைப் பொருள் இருப்பதைப் பாருங்கள்) வரி செலுத்தியது அந்த ஜாகீர்தார்களுக்கே. சர்க்கார் அம்மலையை நேராகத் தன் நிர்வாகத்தில் ஏற்றது 1976இல்தான். என்ஃபீல்டு இயந்திரத்துக்கு அப்போது வயது ஒன்பது.

ஆங்கிலத்தார் வாயுவைச் சிறிய எழுத்திலும் வங்கியைப் பெரிய எழுத்திலும் எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழ் நெடுங்கணக்கில் சிறிது பெரிது என்ற பேதம் இல்லை. ஆகவே பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் வங்கிக்கு ஏ.டி.எம்.மை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்றதை 'வளிமண்டல அழுத்தம்' என்று முழுமையாகவே எழுதிவிடுங்கள்.