பழைய போட் எஞ்சின்: கீழ்க்கியர் போனால் என்ன செய்வது?

பாலமுனைக் கரையில் ஃபைபர் போட்களின் பின்னால் தொங்குபவற்றில் மூடி வெளிறிய பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை நிறையவே கண்டேன். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்குப் பிறகு புது எஞ்சின் பற்றிப் பேசுவோர் குறைவு. இருப்பதைத் திருத்தித்தான் கடலுக்குப் போகிறார்கள்.

மேலே உள்ள எஞ்சின் தாக்குப்பிடிக்கும்; தண்ணீருக்குள் நிற்கும் கால்தான் முதலில் போகும். அலை உடைகிற கரையிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும் ஒரு காரணம். மணல் காலில் இடிக்கும். 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயிலையும் மணல் மூடியதால் பாதுகாப்பாக ஒதுங்க இருந்த இடமும் கைக்கு எட்டாமல் போனது.

காலுக்குள் மூன்று கியர்கள். மேலிருந்து வரும் தண்டின் நுனியில் உள்ள சின்னக் கியர், முன்கியரையும் பின்கியரையும் எதிரெதிர்த் திசையில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள கிளட்ச் எதைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் போட் போகும். யமஹா என்டுரோ 15 இல் சின்னக் கியருக்கு 13 பல், முன்கியருக்கு 27. கிளட்ச்சின் முனை தேய்ந்தால் எஞ்சின் உறுமும், போட் நகராது. கரை தெரியாத தூரத்தில் அது நடந்தால் என்னவாகும் என்பதை மீனவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அது வருமுன் ஒயில் சொல்லிவிடும். கீழ்த் திருகைக் கழற்றுங்கள். ஒயில் பால்போல வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் பல் தேய்கிறது. சீலை மட்டும் மாற்றவேண்டிய கட்டத்தில் பிடித்துவிட்டால் செலவு சிறிது.

கியர் மாற்றுவதென்றால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல்லோடு புதுப்பல் சேராது. சின்னக் கியரும் முன்கியரும் ஜோடியாக வரவேண்டும். பெயாரிங், சீல் எல்லாம் அதோடு புதிது. கழற்றுவதில் பெரும்பாடு, புரொப்பெல்லர் தண்டைப் பிடித்திருக்கும் மூடியில்தான். உப்பு அதை வீட்டோடு ஒட்டவைத்துவிடும். சுத்தியலால் அடித்து உடைத்தவை பல. வெளிப்புற அலுமினியத்தை மெதுவாகச் சூடாக்கி, புல்லர் போட்டு இழுப்பதே சரி.

வீடு வெடித்திருந்தால்? கீழே துருத்தும் துடுப்பு மட்டும் உடைந்திருந்தால் ஆர்கன் வெல்டிங் போதும். பெயாரிங் உட்காரும் இடத்தில் வெடிப்பென்றால் வெல்டிங் வேண்டாம். சூட்டில் துளை கோணும், புதுக்கியரையும் தின்றுவிடும். வேறு எஞ்சினின் வீடு வாங்கும்போது மொடலையும் காலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். பலர் தவறவிடுவது, கியருக்குப் பின்னாலுள்ள ஷிம் எனும் மெல்லிய வளையங்களை. பழைய வீட்டின் அளவு புதியதற்குப் பொருந்தாது. மீண்டும் அளந்தே போடவேண்டும்.

"போர்க்காலத்தில குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு, தம்பி. மூணு எஞ்சினக் கழட்டி ஒண்டாக்குவம்" என்றார் இங்குள்ள மெக்கானிக் காக்கா ஒருவர். அந்தக் கைத்திறன் பெரிது. ஆனால் அளவுகோல் இல்லாத கைத்திறனை நான் நம்பமாட்டேன்.

பூட்டிய பிறகு, ஒயில் ஊற்றுமுன், காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் சீல் சரியில்லை. பிறகு கியர் ஒயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுங்கள். மேல்துளையில் வழியும்போது மேல்திருகை முதலில் பூட்டவேண்டும். போல்ட்டுகளுக்கு மரீன் கிரீஸ் தடவுங்கள். துத்தநாகக் கட்டிக்கு மட்டும் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் உப்பு அதை விட்டுவிட்டு வீட்டை அரிக்கும்.