முண்ணாணுக்கு இறங்கும் இரு தூதுகள்

மல்லாவியின் வயல்வரம்பில் நெல்மூடை சுமந்து நடப்பவனின் கால்களை இயக்குவன அவனது முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களாகும். 2009இல் முடிவுற்ற போரிலே முண்ணாண் சிதைவுற்றோர் வன்னியிற் பலர். அசைக்கவியலாத அவர்தம் கால்கள் திடீரென விறைத்துத் துடிப்பதை வீட்டார் அறிவர். மூளையின் ஆணை வரும் வழி அறுந்தபின்னும் தசை துடிப்பது எங்ஙனம்? இதற்கான விடை, தொடர்பற்றனவாகத் தோன்றிய இரு பொருள்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

1931இல் இலண்டனில் வொன் ஒயிலரும் கடமும் குதிரையின் குடலிலும் மூளையிலுமிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். பதார்த்தம் 'பி' என அழைக்கப்பட்ட அது, அமினோவமிலங்கள் கோத்த பெப்தைட்டு ஆகும். அதன் கட்டமைப்பு 1971இலேயே துலங்கிற்று. செரற்றோனினோ 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், குருதிக்குழாய்களைச் சுருக்கும் பொருளாகக் குருதி நீர்ப்பாயத்திலிருந்து பெறப்பட்டது. அது மூளையிலும் உண்டென 1953இல் பெற்றி துவாரொக்கும் பேஜும் காட்டினர்.

1964இல் சுவீடன் நாட்டு டால்ஸ்றோமும் ஃபுக்ஸேயும் மூளைத்தண்டின் நடுக்கோட்டிலே செரற்றோனின் கலங்களை இனங்கண்டனர். அவற்றின் நீண்ட இழைகள் முண்ணாணில் இறங்கி இயக்க நரம்புக்கலங்களைச் சூழ்வதும் பின்னர் புலனாயிற்று.

ஒரு நரம்புக்கலம் ஒரேயொரு செலுத்துபொருளையே வெளிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. அதனை டேலின் விதி என்றனர். டேல் கூறியதோ அத்துணை இறுக்கமானதன்று. ஆசான் நெகிழ்வாகச் சொன்னதை வழிவந்தோர் இறுக்கிக் கட்டுதல் விஞ்ஞானத்திலும் உண்டு போலும். 1978இல் ஹோக்ஃபெல்ற் குழுவினர், எலியின் செரற்றோனின் கலங்கள் சிலவற்றுள் பதார்த்தம் 'பி'யும் உறைவதைக் காட்டினர். தைரொயிட்டுச் சுரப்பின் தொடர்பில் முன்பே அறியப்பட்ட வேறொரு பெப்தைட்டும் 1981இல் அக்கலங்களிற் காணப்பட்டது.

செரற்றோனின் தானே தசையை அசைப்பதன்று. இயக்க நரம்புக்கலத்தின் எழுச்சியை உயர்த்திச் சிறு தூண்டலுக்கும் அது நீண்டு விடையிறுக்கச் செய்யும். பெப்தைட்டுகள் மெதுவாகத் தொடங்கி நெடிது நின்று அதே பக்கம் துணைபுரியும். கணத்தாக்கங்கள் விரைந்து தொடரும்போதே அவை மிகுதியாக வெளிவரும்.

முண்ணாண் அறுந்தால் இத்தூதுகள் கீழிறங்கா. முதலிற் கால் தளர்ந்து கிடக்கும். வாரங்கள் செல்ல, செரற்றோனின் வாங்கிகளுள் ஒருவகை, செரற்றோனின் வாராமலே தாமாகத் தொழிற்படத் தொடங்குவதைக் கனடாவின் அல்பேட்டா ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். நரம்புக்கலம் மீண்டும் எழுச்சியுறும். அதனை அடக்கும் மேலாணை இன்மையின் துடிப்பு எழும். அவ்வாங்கிகளின் தன்னியக்கத்தைத் தடுத்த மருந்து துடிப்பைத் தணித்தது. ஆயின் முண்ணாண் பகுதியளவே வெட்டுண்டு மீண்டும் நடை பழகிய எலிகளில், அந்நடையையும் அது குன்றச் செய்தது.