சிகாகோவின் வரைபடமும் யேலின் வரலாறும்

உக்ரைன் போரைப் பற்றி மாணவர்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி கூட்டம் போட்டால், பேச ஆள் கிடைக்காதபோது யூடியூபிலிருந்து ஓர் உரையைத் திரையிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படித் திரையிடத்தக்கவை இரண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் 2015 ஜூனில் முன்னாள் மாணவர்களின் கூடுகையில் ஆற்றிய உரை ஒன்று. யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் டிமொத்தி ஸ்னைடர் 2022 செப்டம்பரில் தொடங்கி ஒரு பருவம் முழுக்க நடத்திய ‘நவீன உக்ரைனின் உருவாக்கம்’ என்ற பாடம் மற்றொன்று. முன்னது ஒன்றேகால் மணி நேரம். பின்னது 23 வகுப்புகள். பெரும்பாலான கல்லூரிகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மியர்ஷைமரின் வாதம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. 2008 ஏப்ரலில் புக்காரெஸ்டில் நடந்த நேட்டோ மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் நேட்டோவில் சேரும் என்று அறிவித்தார்கள். வல்லரசு எதுவும் தன் வாசலில் எதிராளியின் கூட்டணி வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளாது. கனடாவிலோ மெக்சிகோவிலோ சீனா தளம் அமைத்தால் வாஷிங்டன் சும்மா இருக்குமா என்று கேட்கிறார். ஆகவே 2014இல் கிரைமியா ரஷ்யாவிடம் பறிபோனதற்கு முதற்பொறுப்பு மேற்குலகுடையது என்பது அவர் முடிவு. மேற்கு நாடுகள் ஆசைகாட்டி அழைத்துப்போகும் பாதையில் உக்ரைன் கடைசியில் நாசமாகும் என்றும் அன்றே எச்சரித்தார். 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் காணொளியின் பார்வைகள் கோடிகளைத் தாண்டின. ரஷ்ய வெளியுறவு அமைச்சகமே அவர் கட்டுரையைப் பகிர்ந்தது. சிகாகோ மாணவர்கள் சிலர் அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். எளிமையாகவும் தைரியமாகவும் பேசுபவர் அவர். தன் நாட்டு அரசை அதன் முகத்துக்கு நேராகக் குறைசொல்லும் பேராசிரியரை மாணவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

அந்த உரையில் நான் நின்றுவிடும் இடம் அவர் காட்டும் வரைபடங்கள். மொழியையும் தேர்தல் முடிவுகளையும் வண்ணம் பிரித்துக் காட்டி, உக்ரைன் கிழக்கு மேற்காகப் பிளந்து கிடக்கும் நாடு என்கிறார். பார்த்தவுடன் மனதில் பதிந்துவிடும், ஆபத்தும் அதில்தான். 1991 டிசம்பர் 1 அன்று நடந்த சுதந்திர வாக்கெடுப்பை அதே வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நாடு முழுக்க 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ரஷ்ய மொழி பெருகிய டொனெட்ஸ்கிலும் லுகான்ஸ்கிலும் 80 சதவீதத்தைத் தாண்டியது. கிரைமியாவில்கூட 54 சதவீதம். ரஷ்ய மொழியில் பேசி வளர்ந்த செலன்ஸ்கியை 2019இல் 73 சதவீத வாக்குகளோடு அதிபராக்கியது இதே நாடுதான். ரஷ்ய எல்லைக்கு அருகிலிருக்கும், தெருவெல்லாம் ரஷ்ய மொழி ஒலித்த கார்கிவ் நகருக்குள் 2022 பிப்ரவரி 27 அன்று நுழைந்த ரஷ்யப் படையை அன்றே துரத்திவிட்டார்கள். வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதை வைத்து எந்த நாட்டுக்காக உயிரைக் கொடுப்பார்கள் என்று கணிக்க முடியாது. உக்ரைனை முழுதாக விழுங்கப் பார்ப்பது ரஷ்யாவுக்கே கேடு, புதின் அந்த முட்டாள்தனத்தைச் செய்யமாட்டார் என்பதும் மியர்ஷைமர் அந்த உரையில் சொன்னதே. கேடு வரும் என்ற கணிப்பு சரியானது. புதினைப் பற்றிய கணிப்பு பொய்த்தது.

ஸ்னைடர் அந்தப் பொய்த்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். மூன்றே நாளில் கீவ் விழும் என்று நிபுணர்கள் சொன்னார்களே, ஏன் விழவில்லை? ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் எழுதிய நீண்ட கட்டுரைக்கு என்ன பதில்? இந்தக் கேள்விகளோடு பத்தாம் நூற்றாண்டுக் கீவுக்குப் போய், லித்துவேனிய, போலந்து ஆட்சிகள், கோசாக்குகளின் 1648 கிளர்ச்சி என்று நிதானமாக நடந்து வருகிறார். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதை 1876இல் ஜார் மன்னர் ஏன் தடைசெய்ய வேண்டியிருந்தது? இல்லாத மக்களின் மொழிக்குத் தடை எதற்கு என்று கேட்கும் மாணவருக்குப் புதினின் கட்டுரை அங்கேயே ஆட்டங்கண்டுவிடும்.

இருபதாம் நூற்றாண்டு வகுப்புகள்தான் பாடத்தின் முதுகெலும்பு. உக்ரைனின் கரிசல் மண்ணை ஸ்டாலின் தன் தொழில்மயத்துக்கான தானியக் களஞ்சியமாகப் பார்த்தார். 1932–33 பஞ்சத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அங்கே செத்தார்கள். ஹிட்லரும் அதே மண்ணைத்தான் ஜெர்மனியின் காலனியாக்கத் துடித்தார். 1941 செப்டம்பர் கடைசியில் கீவின் பாபின் யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இதைக் கேட்டவருக்கு, தங்கள் தலைவிதியை அடுத்த தலைநகர் எழுதக்கூடாது என்பதில் உக்ரைனியர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது விளங்கும். மியர்ஷைமரின் உரையில் இந்தப் பிடிவாதத்துக்கு இடமே இல்லை. வல்லரசுகள் ஆடுகின்றன, நடுவில் இருக்கும் நாலு கோடிப் பேர் வெறும் காய்கள்.

ஸ்னைடரிடம் குறையில்லாமல் இல்லை. நேட்டோ விரிவாக்கத்தைப் பற்றிய கேள்வியோடு வருபவருக்கு அவர் தரும் பதில் பற்றாது. அமெரிக்காவின் பங்கைப் பற்றி மாணவர் வேறெங்காவதுதான் படிக்க வேண்டும். பாடம் நடந்துகொண்டிருந்த அதே பருவத்தில், ரஷ்யா ஏவிய ஷாஹெத் டிரோன்களை வீழ்த்தும் கருவிகளுக்காக அவர் நிதியும் திரட்டினார். அதை மறைக்கவில்லை என்பது அவருக்குப் பெருமைதான். ஆனாலும் நடுநிலை ஆசிரியராக அவரை நினைத்துக்கொண்டு கேட்கக்கூடாது.

நம் ஊர் விவாதங்களில் பெரும்பாலும் ஒலிப்பது மியர்ஷைமரின் குரல், அவர் பெயரைச் சொல்லாமலே. அமெரிக்காவின் மேல் நமக்கிருக்கும் நியாயமான சந்தேகம் அதற்கு ஒரு காரணம். கார்கிவிலும் சுமியிலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 2022 மார்ச்சில் உயிர்தப்பி வந்த தமிழ் மாணவர்கள் இங்கேயே இருந்தும், பதுங்கறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உக்ரைனியர்கள் என்ன பேசினார்கள் என்று அவர்களை அழைத்துக் கேட்ட கல்லூரிகள் குறைவு. தப்பி வந்த கதையை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டோம். ஒரு பிற்பகல் மட்டுமே கையிலிருந்தால், ஸ்னைடரின் முதல் வகுப்பையும் பஞ்சத்தைப் பற்றிய வகுப்பையும் முதலில் போட்டுவிட்டு, மியர்ஷைமரின் உரையில் அந்த வரைபடப் பகுதியை அதன் பிறகு காட்டலாம். வரிசையை மாற்றினால் மாணவர் வரைபடத்தையே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கூடவே மியர்ஷைமரின் இன்னொரு கட்டுரையையும் கையில் கொடுக்கலாம். 1993இல், சோவியத் விட்டுச்சென்ற அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிடக்கூடாது என்று வாதாடியவர் அவர். இரு நூற்றாண்டுக்கு மேலாக விருப்பமில்லாமலும் கோபத்தோடும் ரஷ்யாவின் பிடியில் கிடந்த மக்கள் என்று உக்ரைனியரை அதில் விவரிக்கிறார். அடுத்த ஆண்டே, உக்ரைனின் எல்லைகளை மதிப்போம் என்று புடாபெஸ்டில் கையெழுத்தான வாக்குறுதியை நம்பி உக்ரைன் அந்த ஆயுதங்களை ஒப்படைக்கச் சம்மதித்தது. வாக்குறுதி தந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. 1993இல் அவர் கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கோபக்கார மக்கள் 2015 உரையில் எங்கே போனார்கள் என்று மாணவர்கள் கேட்கட்டும். ஸ்னைடரின் 23 வகுப்புகளைவிட அந்தக் கேள்விக்கு மியர்ஷைமரே நல்ல சாட்சி.