மேல்நிலைப் பள்ளியில் பேரினப் பொருளியல்

மேல்நிலைப் பள்ளியில் பேரினப் பொருளியல் என்பது நாட்டு வருமானம், வேலையின்மை, பணவீக்கம், வட்டி வீதம் முதலியவற்றை ஆராயும் பேரினப் பொருளியலின் கல்லூரித் தொடக்கநிலைப் பாடத்தை மாணவர் 11, 12ஆம் வகுப்புகளிலேயே கற்பதைக் குறிக்கும். பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் இதற்கு மாநிலப் பாடத்திட்டம், பன்னாட்டு பக்கலோரியா (ஐபி) முதலிய வழிகள் உள்ளன.

வரலாறு

கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901இல் அமெரிக்க மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. முன்னர் இது ஹைகிளெர்க் பள்ளி எனப்பட்டது. 1976இல் ஐபி பட்டயப் படிப்பை இந்தியாவில் முதன்முதலாக வழங்கியது இப்பள்ளியே. 1978இல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்புக்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. எனவே, கல்லூரிப் பொருளியல் பள்ளிக்கு வந்தது கட்டணம் மிகுந்த பள்ளிகளில் மட்டுமே என்ற கருத்துப் பொருந்தாது.

பாடப்பொருள்

மாநிலப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்பில் பேரினப் பொருளியல் முதன்மை பெறுகிறது. ஐபி பொருளியலுக்கு உயர்நிலையில் 240 மணி நேரமும் பொதுநிலையில் 150 மணி நேரமும் ஒதுக்கப்படுகின்றன. கெயின்சின் பெருக்கி, மாநிலப் பாடத்திலும் ஐபி உயர்நிலையிலும் இடம்பெறுகிறது. மக்கள் தம் கூடுதல் வருமானத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் 80 காசு செலவிட்டால் பெருக்கி 5 ஆகும், அதாவது ரூ.100 கோடி முதலீடு நாட்டு வருமானத்தை ரூ.500 கோடி உயர்த்தும். வரி, இறக்குமதி ஆகிய கசிவுகளால் நடைமுறையில் இது மிகவும் குறையும்.

நாட்டு வருமானக் கணக்கின் குறைபாட்டுக்குக் கொடைக்கானலிலேயே சான்று உண்டு. இங்கிருந்த இந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதையடுத்து 2001இல் மூடப்பட்டது. அதன் உற்பத்தி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூட்டப்பட்டது. மண்ணுக்கும் தொழிலாளர் உடல்நலத்துக்கும் நேர்ந்த கேடு கழிக்கப்படவில்லை. மாசடைந்த மண்ணைத் தூய்மைப்படுத்தும் செலவும் உற்பத்தியாகவே கூட்டப்படுகிறது.

மதிப்பீடு

ஐபி மாணவர் எழுத்துத் தேர்வுடன், செய்தி ஊடகக் கட்டுரைகளை ஆராய்ந்து, தலா 800 சொற்களுக்கு மிகாத மூன்று விளக்கவுரைகளும் எழுத வேண்டும். மாநிலத் தேர்வு பெரும்பாலும் பாடநூலைச் சார்ந்தது.

கல்லூரியில் மதிப்பு

ஐபி உயர்நிலையில் நல்ல தரம் பெற்றவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொடக்கநிலைப் பாடத்துக்கான மதிப்பலகு கிடைக்கும். அந்நாட்டில் 1989 முதல் நடைபெறும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பேரினப் பொருளியல் தேர்வுக்கும் இதே பயன் உண்டு. மாநிலப் பாடத்தில் தேறித் தமிழ்நாட்டில் இளங்கலைப் பொருளியல் சேர்பவர், பெருக்கியையும் நாட்டு வருமானத்தையும் கல்லூரியில் மீண்டும் பயில வேண்டும்.